மூலை கிழிந்த உலகப்படம்

முதல் நரையை யாருக்கும் தெரியாமல் பிடுங்கிப் போடத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரர்களே, உங்கள் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? என் மகன் ஒரு பொத்தானை அமுக்குகிறான். மொத்த உலகமும் விரிகிறது. மலை, ஆறு, கோட்டை, எதிரி நிற்கிற இடம், புதையல் இருக்கிற குகை, எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. போதாததற்கு இந்த வழியாகப் போ என்று ஒரு மஞ்சள் கோடு வேறு. "இதுல நீ என்னடா கண்டுபிடிக்கிற?" என்று கேட்டால் "அம்மா, ப்ளீஸ்" என்கிறான். எனக்கு வயிறு எரிகிறது.

நமக்குக் கிடைத்தது கறுப்புத்தான். நாம் நிற்கிற இடத்தைச் சுற்றி ஒரு கைக்குட்டை அகலத்துக்கு வெளிச்சம், அதற்கு வெளியே இருட்டு. நடந்தால்தான் இருட்டு விலகும். நடந்த இடம் உலகப்படத்தில் பதிந்துவிடும். ஆனால் அது சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு. ஹைதராபாத்தின் மேற்கே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன, வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் இருப்பதாகக் கேள்வி. குஷாய்குடாவில் இருந்த நாங்கள் தொழிற்சாலையின் காலைச் சங்குக்கு எழுந்து மாலைச் சங்குக்குத் தேநீர் போடுகிற ஆட்கள். எங்களுக்கு மார்க்கெட் ரோட்டு நெட் சென்டர்தான் கதி.

அந்த நெட் சென்டர்க்காரர் வைரஸுக்குப் பயந்தவர். கடையைப் பூட்டும்போது எல்லா மெஷினும் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும்படி ஏதோ ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மறுநாள் போனால், முந்தின நாள் நடந்து நடந்து வெளிச்சமாக்கிய காடெல்லாம் மறுபடி கறுப்பாகக் கிடக்கும். நம் ஆள் மட்டும், கம்பெனிக்காரனின் மெஷினில் இருப்பதால், விட்ட இடத்திலேயே வாளும் கையுமாக நிற்பான், தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல். முழு உலகப்படம் வேண்டுமென்றால் கம்பெனிக்காரனுக்கு டாலரில் பணம் கட்ட வேண்டும். டாலருக்கு நாங்கள் எங்கே போக?

அதனால்தான் என் அண்ணனும் அவன் சிநேகிதனும் அந்த உலகத்தைக் காகிதத்தில் வரைய ஆரம்பித்தார்கள். இருவரும் இன்டர் முதல் வருடம், நம்மூர்ப் பிளஸ் ஒன். அண்ணன் கோச்சிங் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவான், பாதி நாள் போகவும் போவான். சிநேகிதனின் அப்பா பாலாநகரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அவன் தங்கை ஒன்பதாவதில் என் பெஞ்சில் உட்காருகிறவள். அவர்கள் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பஸ்தியில், நெருக்கியடித்த சின்ன வீடுகளுக்கு நடுவே. எங்கள் வீட்டுக்கு அவன் வந்தால் அம்மா தோசை போடுவாள். "நக்கோ ஆண்ட்டி, பஸ்" என்று வாய் மறுக்கும், தட்டு நீளும்.

என் வேலை நேரம் பார்ப்பது. அண்ணன் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைப் பிடித்திருப்பேன். பாலத்திலிருந்து கிழக்குக் கோபுரம் வரை நம் ஆள் ஓடாமல் நடந்தால் எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் தூரம். சிநேகிதன் மடியில் அட்டையை வைத்துப் புள்ளி குத்துவான். கூலியாக எனக்கு ஒரு மிர்ச்சி பஜ்ஜி. அந்தக் கடையின் வாசனை, சூடான மெஷினும் கொசுவர்த்தியும் யாரோ சிந்திய டீயும் கலந்தது, இப்போது நினைத்தாலும் மூக்கில் வருகிறது. இல்லாத ஒரு நாட்டை அளந்துகொண்டிருக்கிறோம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

காகிதம் எங்கள் வீட்டிலிருந்து போனது. அப்பா அந்தப் பெரிய தொழிற்சாலையில் டிராயிங் ஆபீஸில் இருந்தார். அங்கே எல்லா வரைபடமும் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அமோனியா வாடையடிக்கும் பழைய பிரிண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கழித்துப் போட்டார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். எல்லோரும் கொண்டுவந்தார்கள் என்பது வழக்கம். குவார்ட்டர்ஸில் எந்தப் பிள்ளையின் பாடப்புத்தகத்தைப் புரட்டினாலும் அட்டையின் உள்பக்கம் ஏதாவது ஸ்குரூவோ கீலோ நீலக் கோட்டில் இருக்கும். மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த வாடையோடுதான் நாங்கள் சரித்திரமும் பூகோளமும் படித்தோம்.

ஒரு நாள் அப்பா வேலை முடிந்து வந்தபோது, கூடத்தில் அந்தப் பிரிண்டுகளில் இரண்டைப் பின்பக்கமாக விரித்துப் போட்டு இருவரும் குப்புறப் படுத்திருந்தார்கள். கிழக்குப் பாதி அண்ணனுடையது, மேற்குப் பாதி சிநேகிதனுடையது. திட்டு விழும் என்று நினைத்தேன். அப்பா சாரத்துக்கு மாறி, அதை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏல, வடக்கு எங்க இருக்கு?"

"மேலதான்" என்றான் அண்ணன்.

"மேலன்னு உனக்குத் தெரியும். பாக்குதவனுக்கு? அம்புக்குறி எங்க? ஸ்கேல் எங்க? இது படமா, மார்கழிக் கோலமா?"

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வலது கீழ்மூலையில், ஆபீஸ் படங்களில் இருப்பது போலவே, ஒரு கட்டம் போட்டார். அந்த உலகத்தின் பெயரைக் கேட்டு அச்சுக் கோத்தது மாதிரி பெரிய ஆங்கில எழுத்தில் எழுதினார். ஓர் அங்குலத்துக்கு இத்தனை நிமிட நடை என்று அளவு. வரைந்தவர் என்ற இடத்தில் இரண்டு பையன்களின் பெயர். சரிபார்த்தவர் என்ற இடத்தில், யோசிக்காமல், தன் இனிஷியலைச் சுழித்துப் போட்டார். இரண்டு தாளிலும் போட்டார்.

"செக் பண்ணினவன் கையெழுத்து இல்லாத டிராயிங் ஆபீஸ் வாசலத் தாண்டக் கூடாது, தெரியுமால?"

சிநேகிதன் சிரித்தான். "அங்கிள், ஆப் உதர் கயேச் நை. கைசா செக் கரே?" அங்கே போகாமலே எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று அவன் கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன். பதினெட்டு வருடம் ஹைதராபாத்தில் இருந்தும் அப்பாவுக்கு இந்தி ஏறவில்லை. காய்கறிக் கடைக்கு வேண்டிய ஹவ் என்ற ஆமாம், நக்கோ என்ற வேண்டாம், கைக்கு, இந்த மூன்றோடு காலம் தள்ளினார். அதிலும் கைக்கு அவருக்கு ரொம்பப் பிடிக்கும். எதுக்கு என்று அர்த்தம். அம்மா ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் "கைக்கு?" என்பார், அம்மா கரண்டியைத் தூக்குவாள்.

"எங்க சாரும் மெஷினப் பாக்காமத்தான் கையெழுத்துப் போடுதாரு" என்று அப்பாவும் சிரித்தார். எழுந்திருக்கும்போது மட்டும் சொன்னார், "இது கம்பெனி பேப்பர். வீட்ட விட்டு வெளிய கொண்டு போவாதீங்க, என்ன?"

"ஹவ் அங்கிள்" என்றான் சிநேகிதன். அண்ணனும் தலையாட்டினான்.

பையன்கள் பேச்சை எந்தக் காலத்தில் காற்றில் விடாமல் இருந்தார்கள்? மேற்குப் பாதியில்தான் கோட்டை இருந்தது. அந்த ஆட்டத்தில் எங்கள் கோஷ்டியில் சேர்ந்திருந்த பிள்ளைகள் காட்டில் வழி தெரியாமல் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். படம் இருந்தால் கூட்டம் சேரும் என்று நெட் சென்டர்க்காரரும் கேட்டார். ஒரு சனிக்கிழமை, சிநேகிதன் தன் பாதியைக் கொண்டுபோய்க் கடைச் சுவரில் பசை தடவி ஒட்டிவிட்டான். சரி என்று சொன்னது அண்ணனும்தான். எந்த வாசலை எப்போது தாக்குவது, எந்தக் கோபுரத்தில் காவலாளி எப்போது மாறுகிறான் என்பதையெல்லாம் எதிர்க்கோஷ்டிக்குப் புரியக் கூடாது என்று சிநேகிதன் உருதுவில் குறித்து வைத்தான்.

அப்புறம் நகரத்தில் குண்டு வெடித்தது. உங்களில் அந்த ஊரில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிபன் பாக்ஸைப் பார்த்தால்கூடப் பயந்தோம். தொழிற்சாலை வாசலில் அப்பாவின் சாப்பாட்டுக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். நெட் சென்டர்களில் அடையாள அட்டை கேட்டார்கள். என் பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதனின் தங்கை அந்த நாட்களில் யாரோடும் பேசவில்லை, நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

போலீஸ் எங்கள் நெட் சென்டருக்கும் வந்தது. அன்றைக்கு அண்ணன் நிஜமாகவே கோச்சிங் போயிருந்தான். சிநேகிதன் மட்டும் படத்துக்குக் கீழே உள்ள மெஷினில் இருந்தான். சப் இன்ஸ்பெக்டர் முதலில் கல்லாவில்தான் விசாரித்துக்கொண்டிருந்தாராம். பிறகு சுவரைப் பார்த்தார். கோபுரம், வாசல், அம்புக்குறி, நேரம், உருது. ஓரத்தைப் பிடித்து உரித்துத் திருப்பினார். பின்னால் நீலக் கோட்டில் ஓர் அலமாரிக் கதவின் கீலும், தொழிற்சாலையின் முத்திரையும், வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்ற வாசகமும். யார் ஒட்டியது என்றார். நெட் சென்டர்க்காரர் கை காட்ட வேண்டியிருக்கவில்லை. அவனே எழுந்து நின்றுவிட்டான்.

சாயங்காலம் அண்ணன் ஓடிவந்து சொன்னபோது அப்பா சட்டைகூடக் கழற்றியிருக்கவில்லை. நேரே போய் பீரோவுக்கு மேலே இருந்த கிழக்குப் பாதியை எடுத்தார். கொல்லையில் வெந்நீர் அடுப்பில் திணித்தார். அது எரியும்போது வீடெல்லாம் அந்த வாடை. எங்கள் ஆறு, எங்கள் பாலம், நான் நேரம் பார்த்த கிழக்குக் கோபுரம் எல்லாம் அதில் போயிற்று.

"வெளிய கொண்டு போவாதேன்னு சொன்னேனா இல்லியால?"

"அப்பா, அவனப் புடிச்சு வச்சிருக்காங்கப்பா. நீங்க போயி அது கேம்னு சொல்லுங்க. பேப்பர் நீங்க கொண்டாந்ததுன்னு சொல்லுங்க. விட்டுருவாங்க."

"சொன்னா என்ன ஆவும் தெரியுமா உனக்கு? இந்த நேரத்துல? சஸ்பென்ஷன் இல்ல, நேரே ஜெயிலு."

"அவனுக்கு மட்டும் என்ன ஆவும்?"

அப்பா அடுப்பில் எரியாமல் கிடந்த ஓரத்தை உள்ளே தள்ளிவிட்டார். அம்மாதான் சொன்னாள். அவனுக்குத் தோசை சுட்டுப் போட்ட அதே அம்மா. "குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொன்னா ரெண்டு பிள்ளையளையும் கூட்டிட்டு எங்க போவ? நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். அவன் ஒண்ணும் செய்யல்லன்னா விட்டுருவாங்க." அவள் கெட்டவள் இல்லை. பயந்துபோனவள். இதைச் சொல்லும்போதே எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது, அதோடு என் மகன் முகமும் ஞாபகம் வருகிறது. நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

"நாளைக்குப் பாப்போம்" என்றார் அப்பா.

மறுநாள் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் டிராயிங் ஆபீஸ்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மேஜைமேல் அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார்கள். அப்பா முறை வந்தது. வரைபடத்தை அவர் பார்க்கவில்லை. நேரே கண் போனது வலது கீழ்மூலைக்கு. அங்கே மூலை இல்லை. கையகலத்துக்குக் கிழிந்திருந்தது. உலகத்தின் பெயர், அளவு, வரைந்தவர், சரிபார்த்தவர் எதுவும் இல்லை.

"ரத்திக்குப் போன கட்டுலருந்து வந்திருக்கும் சார்" என்றாராம் அப்பா. அதையே எல்லோரும் சொன்னார்களாம். அந்தப் பையனும் விசாரணையில் அதைத்தான் சொல்லியிருந்தான், ரத்திக் கடையில், அதாவது பழைய பேப்பர் கடையில், எடைக்கு வாங்கினேன் என்று.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்த கோலத்தை மறக்க முடியாது. தப்பிப் பிழைத்தவர் முகம். "மூல கிழிஞ்சு போச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். "பசையோட உரிக்கும்போது கிழிஞ்சிருக்கும். கடவுளாப் பாத்துக் கிழிச்ச மாதிரி." குவார்ட்டர்ஸ் பிள்ளையார் கோயிலுக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். தேங்காய் ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்றாள் அம்மா. அண்ணன் தேங்காய்ச் சில்லை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சிநேகிதன் அப்போது ஸ்டேஷனில்தான் இருந்தான்.

அவனை வெளியே கொண்டுவந்தவர் நெட் சென்டர்க்காரர். அவர் தெலுங்கர், கடை போனால் போகட்டும் என்று ஸ்டேஷனில் போய் நின்றார். கெஞ்சிக் கூத்தாடி சப் இன்ஸ்பெக்டரைக் கடைக்கு அழைத்துவந்து மெஷின் முன்னால் உட்கார வைத்தார். "மீரே நடவண்டி சார்" என்று மவுஸைக் கையில் கொடுத்தாராம், நீங்களே நடந்து பாருங்கள் என்று. சப் இன்ஸ்பெக்டர் மடியில் எங்கள் மேற்குப் பாதி. கோட்டை வாசலிலிருந்து இடது பக்கம் போனால் குடிசை என்று படம் சொன்னது. போனார், குடிசை இருந்தது. பத்து நிமிட நடையில் ஆறு. இருந்தது. காவல் கோபுரத்தில் காவலாளி சொன்ன நேரத்துக்கு மாறினான். எங்கள் கணக்கு அவ்வளவு சரியாக இருந்ததைக் கேட்டு எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் ஒரு பூதம் வந்து சப் இன்ஸ்பெக்டரை அடித்துக் கொன்றதாம். அவர் சிரித்துவிட்டாராம். அன்று ராத்திரியே பையனை அனுப்பிவிட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஓர் இரவும் ஒரு பகலும் ஸ்டேஷனில் ஓடியிருந்தன. பள்ளிக்கூடத்தில் அவன் தங்கை சொன்னாள், தன் அண்ணனுக்கு இடது காது கேட்கவில்லை என்று. வலது பக்கம் போய் நின்று பேசினால்தான் திரும்புகிறானாம். என் அண்ணன் இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனான். இரண்டு தடவையும் தூங்குகிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நெட் சென்டரில் போய் அந்த உலகத்தில் தேடினான். பாலத்தடியில் சிநேகிதனின் ஆள் வருகிற நேரத்துக்குப் போய் நின்று பார்த்தான். யாரும் வரவில்லை. சுற்றிலும் கறுப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடித்த பிறகு, அவன் தங்கை தன் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸுக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "பாய் தியே. தேரே பையா கு தே." என் அண்ணன் கொடுத்தான், உன் அண்ணனிடம் கொடு. அவ்வளவுதான் சொன்னாள். திங்கட்கிழமை வருவாய் இல்லையா என்று கேட்டேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வழியிலேயே பிரித்துப் பார்த்தேன். பசை காய்ந்து மொரமொரவென்றிருந்த ஒரு மூலை. அச்சுக் கோத்தது போன்ற எழுத்து. வரைந்தவர், இரண்டு பெயர். சரிபார்த்தவர், அப்பாவின் இனிஷியல். சப் இன்ஸ்பெக்டர் கல்லாவில் பேசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் கை எட்டிக் கிழித்தது இதை மட்டும்தான். முழுப் படத்தையும் கிழிக்க நேரமில்லை. உருதுவில் தான் எழுதியதைக் கிழித்திருக்கலாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தவன், எங்கள் அப்பாவின் இனிஷியலைத்தான் கிழித்து ஜட்டிக்குள்ளோ செருப்புக்குள்ளோ ஒளித்து வைத்திருக்கிறான்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டு அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. இரவு அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர்ச் செம்பை நகர்த்திவிட்டு, அந்த மூலையை வைத்தான்.

"பிள்ளையார் குடுத்து விட்டாரு" என்றான்.

அப்பா ரசச் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தார். அம்மா என்னது என்று எட்டிப் பார்த்து, பார்த்ததும் சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து, அந்தத் தாளில் ஈரம் படாமல் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, "ஏட்டி, கெளம்பு. இந்தி பேசணும்" என்றார். அண்ணன் வர மறுத்துவிட்டான். ஸ்கூட்டரின் பின்னால் நான் உட்கார்ந்தேன். மார்க்கெட்டைத் தாண்டி பஸ்திக்குள் சந்து திரும்பினோம். அந்த வீட்டு வாசலில் பூட்டுத் தொங்கியது. ஜன்னலில் திரைச்சீலை இல்லை. உள்ளே வெறும் தரையும், சுவரில் ஆணிகளும் தெரிந்தன.

பக்கத்து வீட்டுப் படியில் ஓர் அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், இந்த வீட்டு ஆட்கள் எங்கே என்று அப்பாவே தன் இந்தியில் கேட்டார். "ஏ கர் லோக்... கிதர் கயா?"

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். அப்பாவின் சட்டையை, பையில் குத்தியிருந்த தொழிற்சாலை அடையாள வில்லையை, என்னை, மறுபடி அப்பாவைப் பார்த்தார்.

"கைக்கு?" என்றார். குரல் உயரவில்லை. "அப் கைக்கு பூச்ரே ஆப்?"

இப்போது எதற்குக் கேட்கிறீர்கள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, என்ன சொல்லுதாங்க?"

"எங்க போனாங்கன்னு தெரியாதாம்ப்பா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். அதற்கு அப்புறம் நாங்கள் அந்த ஊரில் இன்னும் பல வருடம் இருந்தோம். அம்மா ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் கிளம்பிவிடுவார். கைக்கு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.